யாரும் வாங்காத மண்



இன்றைய பொருளை நான் சொன்னபோது அமைப்பாளர்களில் ஒருவர் தயக்கத்தோடு கேட்டார்: "இங்கிலாந்தில் இல்லாமல் போன ஒரு மாளிகை, அதன் தோட்டத்தில் மிச்சமிருக்கும் மேடுபள்ளம். இதை எதற்காக இங்கே பேச வேண்டும், ஐயா?" நியாயமான கேள்வி. ஒரு பழைய எழுத்தைப் படிக்கப் பழகுகிறவருக்கு முதலில் செல்லரித்த சுவடியைக் கொடுக்க மாட்டோம். எழுத்துத் தெளிவாக இருந்து, கூடவே உரையும் இருக்கிற ஏட்டைத்தான் கொடுப்போம். நிலத்தைப் படிப்பதும் அப்படித்தான். நான் சொல்லப்போகும் இடங்களில் மண் இருக்கிறது. அந்த மண்ணை வெட்டிக் கொட்டிய காலத்து வரைபடம் இருக்கிறது. வெட்டச் சொன்னவரின் கடிதமும் இருக்கிறது. மண் சொல்வதை ஏட்டோடு ஒப்பிடலாம். ஏடு சொல்லாமல் விட்டதை மண்ணில் தேடலாம். இப்படிப் பழகுவதற்கு வாய்ப்பான இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

முதலில் ஒரு சொல். தரைக்கு மேல் மண்ணைக் குவித்தோ தரையை வெட்டியோ மனிதர் உண்டாக்கிய மேடு, கரை, அகழி, படித்தளம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலத் தொல்லியலார் ஒரே பெயரால் அழைக்கிறார்கள். அதைத் தமிழாக்கினால் 'மண்வேலை' என்று வரும். இதை ஒரு நண்பர் ஏற்கவில்லை. கூலி வேலை போல ஒலிக்கிறதே, 'மண்ணமைப்பு' என்று கௌரவமாகச் சொல்லலாமே என்றார். எனக்கு மண்வேலைதான் சரி. கூடையும் மண்வெட்டியும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. நான் பேசப்போவது பிரபுக்களின் வீடுகளைப் பற்றி. ஆனால் இன்று அங்கே நிற்பது பிரபுவின் வீடு அன்று. கூலியாட்கள் சுமந்து கொட்டிய மண். அந்தச் சொல்லை மாற்ற எனக்கு மனமில்லை.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் நார்த்தாம்ப்டன்ஷயர் என்ற மாவட்டம். நார்த்தாம்ப்டன் நகரிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய பத்து கிலோமீட்டரில் ஹோல்டன்பி என்ற சிற்றூர். நான் முதன்முறை போனது ஒரு குளிர்காலப் பிற்பகல். ஒரு சரிவு, ஈரப் புல், மேயும் ஆடுகள், கீழே ஒரு பழைய கிறித்தவக் கோயில். அவ்வளவுதான் தெரிந்தது. அழைத்துப் போனவர் நில அளவை செய்வதில் பல ஆண்டுப் பழக்கம் உள்ளவர். ஒன்றும் விளக்காமல், "கொஞ்சம் பொறுங்கள்" என்றார். மூன்றரை மணி அளவில் சூரியன் தாழ்ந்தது. சரிவு முழுவதும் கோடு கோடாக நிழல் விழத் தொடங்கியது. புல்லுக்கு அடியிலிருந்து யாரோ ஒரு வரைபடத்தை மேலே தள்ளுவது போல இருந்தது. நேர்கோட்டில் ஓடும் கரைகள், ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கும் தளங்கள், மலைச்சரிவிலிருந்து முன்னுக்கு நீட்டிக் கட்டிய அகன்ற மேடை, அதற்கப்பால் நீர் வற்றிய குளங்களின் தொட்டி வடிவம். இருபது நிமிடத்தில் வெளிச்சம் போனது. மறுபடி ஆடு மேயும் வெறும் சரிவு.

அந்த மேடையின் மேல் ஒரு காலத்தில் நின்ற வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டியவர் சர் கிறிஸ்டஃபர் ஹேட்டன். 1540இல் இதே ஹோல்டன்பியில் பிறந்தவர். முதலாம் எலிசபெத் அரசியின் தனிப் பிரியத்துக்குரியவராகி, 1587இல் நாட்டின் லார்டு சான்சலர் பதவிவரை உயர்ந்தார். லண்டனில் வைர வணிகத்துக்குப் பெயர்போன ஹேட்டன் கார்டன் தெரு அவர் பெயரில்தான் இருக்கிறது. கடலோடி டிரேக் உலகைச் சுற்றிய பயணத்தில் தன் கப்பலுக்குப் பொன்மான் என்று பொருள்படப் பெயர் மாற்றினாரே, அந்த மான் ஹேட்டனின் குலச்சின்னத்தில் உள்ள மான். பயணத்துக்குப் பணம் போட்டவர்களில் அவரும் ஒருவர்.

1570களில் தொடங்கி ஏறக்குறைய 1583வரை ஹேட்டன் பிறந்த ஊரில் ஒரு மாளிகை எழுப்பினார். இரண்டு பெரிய முற்றங்களைச் சுற்றி, கண்ணாடி கிடைப்பதே அரிதான காலத்தில் 123 பெரிய சன்னல்களோடு நின்ற வீடு என்பார்கள். அக்கால இங்கிலாந்தில் தனியார் ஒருவர் கட்டிய மிகப் பெரிய வீடுகளில் அது ஒன்று. யாருக்காக? 1580இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் ஹேட்டன் அந்த வீட்டை ஒரு திருத்தலம் என்கிறார்; எந்தப் புனிதைக்காக அது கட்டப்பட்டதோ அவள் வந்து அமரும்வரை தானும் அதைப் பார்க்கப் போவதில்லை என்கிறார். புனிதை என்றது அரசியை. அதற்கு முந்தைய ஆண்டு, 1579இல், அரசியின் முதன்மை அமைச்சர் பர்லி பிரபு அந்த வீட்டுக்கு வந்து அறை அறையாகப் பார்த்தார். அவரும் தியோபால்ட்ஸ் என்ற இடத்தில் அரசியை வரவேற்கவென்றே பெரிய மாளிகை கட்டிக்கொண்டிருந்தார். நாம் இருவருமே கைக்கு மீறிச் செலவழித்தது அவருக்காகத்தான், அவர் நீடூழி வாழட்டும் என்ற கருத்தில் ஹேட்டனுக்கு எழுதினார். 1591இல் ஹேட்டன் இறந்தபோது அரசுக்குப் பட்டிருந்த கடன் 42,000 பவுண்டு என்பது கணக்கு.

பின்பு வீடு அரச குடும்பத்தின் கைக்குப் போனது. உள்நாட்டுப் போரில் தோற்ற முதலாம் சார்லஸ் மன்னரை 1647 பிப்ரவரி முதல் ஜூன்வரை நாடாளுமன்றம் இங்கேதான் காவலில் வைத்திருந்தது. மன்னருக்குப் புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டம் பிடிக்கும். ஹோல்டன்பியில் நல்ல ஆடுதரை இல்லாததால் பக்கத்து மாளிகைகளுக்குக் குதிரையேறிப் போய் ஆடிவிட்டு வந்தார். அரசியை மகிழ்விக்க ஒரு மலைச்சரிவையே திருத்திய தோட்டத்தில், இரண்டு தலைமுறைக்குள், பந்து ஒழுங்காக உருள ஒரு சமதரை இல்லாமற் போயிருந்தது. ஜூன் தொடக்கத்தில் ஜாய்ஸ் என்ற சாதாரணக் குதிரைப்படை அதிகாரி வந்து மன்னரைப் படையின் காவலுக்குக் கொண்டுபோனார். மன்னர் தலை வெட்டப்பட்டபின், 1650 அளவில், ஆடம் பெய்ன்ஸ் என்ற படைத்தலைவர் வீட்டை விலைக்கு வாங்கினார். குடியிருக்க வாங்கவில்லை, பிரித்து விற்க வாங்கினார். அடுக்களைப் பக்கத்துச் சிறு பகுதியும் 1583 என்று ஆண்டு பொறித்த இரண்டு வளைவு வாயில்களும் தவிர எல்லாம் போயிற்று. இன்று அங்கே காணும் வீடு, எஞ்சிய அந்தச் சிறு பகுதியை உள்வாங்கி 1870களில் கட்டியது. பர்லியின் தியோபால்ட்ஸும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான் பிரித்து விற்கப்பட்டது.

கவனியுங்கள்: செதுக்கிய கல்லுக்கு விலை உண்டு. கூரை ஈயத்துக்கு அதைவிட விலை உண்டு. உத்தரம், கண்ணாடி, செங்கல், ஓடு எல்லாவற்றையும் வாங்க ஆள் வருவார்கள். ஆனால் தோட்டத்துக்காக நூற்றுக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் கொட்டிய மண்ணை யார் வாங்குவார்கள்? வண்டிக்கூலிகூட மிஞ்சாது. ஆகவே மண் அங்கேயே கிடந்தது. நெடுநாள் நிற்க வேண்டும் என்று எதைக் கல்லில் கட்டினார்களோ அது எழுபது ஆண்டு நிற்கவில்லை. பருவந்தோறும் மாற்றி நடுகிற பூம்பாத்திக்காகக் குவித்த மண் நானூறு ஆண்டைத் தாண்டி நிற்கிறது. இந்த உண்மையின் பின்னால்தான் நான் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறேன்.

மண்வேலையை அளக்கிறவர் தோண்டுவதில்லை. இதைச் சொன்னால் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். அவர் நடக்கிறார், குனிந்து பார்க்கிறார், சங்கிலியும் நாடாவும் வைத்து அளக்கிறார். இப்போது கருவிகள் மாறிவிட்டன, நடப்பது மாறவில்லை. சரிவு தொடங்கும் விளிம்பிலும் முடியும் அடியிலும் புள்ளி வைத்து, இரண்டையும் இணைத்துத் தாளில் சிறு கோடுகள் இழுப்பார். ஒவ்வொரு கோடும் தலைப்பிரட்டை போல இருக்கும்: மேட்டின் விளிம்பில் தலை அகலம், அடிவாரத்தை நோக்கி வால் மெலிவு. வாலைப் பார்த்தால் மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று தெரியும். கோடுகள் நெருக்கமாக இருந்தால் சரிவு செங்குத்து. பழகியவர்கள் இந்தத் தாளைப் பார்த்தே நிலத்தில் நடந்துவிடுவார்கள்.

கண்ணுக்கு உதவுபவை வேறும் உண்டு. காலை மாலைச் சாய்வெயில், மெல்லிய பனி. கடுங்கோடையில், புதைந்த சுவருக்கு மேல் மண் ஆழமில்லாததால் அங்கே புல் மட்டும் முதலில் பழுத்துக் காய்ந்து, சுவரின் வடிவம் மஞ்சள் கோடாகத் தரையில் தெரியும். மனிதரும் மாடும் வாழ்ந்த இடத்து மண்ணில் பாஸ்பேட் மிகுந்திருப்பதால் அங்கே காஞ்சொறிச் செடி மண்டும். புல்வெளி நடுவே காஞ்சொறிப் புதர் கண்டால் அளப்பவர் நின்று பார்ப்பார். அகழெலி தள்ளிய மண்குவியலைக் கையால் அளைந்து பார்ப்பார். சுண்ணாம்புத் துணுக்கோ ஓட்டுச் சில்லோ இருக்கும். தோண்டக் கூடாத இடத்தில் அகழெலி தோண்டிக் கொடுக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலானது முன்பின் அறியும் முறை. எந்த மேடு எதன் மேல் ஏறிப் போகிறது, எந்தப் பள்ளம் எதை வெட்டுகிறது? நடு இங்கிலாந்தின் புல்வெளிகளில் பல இடங்களில் நிலம் அலை அலையாகக் கிடக்கும். இடைக்காலத்துப் பொதுவயல்களில் ஆண்டாண்டாக ஒரே திசையில் உழுததால் ஒவ்வொரு துண்டும் நடுவில் மேடாகவும் இடையில் சாலாகவும் எழுந்தது. இந்த மேடுகள் நேராக இருப்பதில்லை. பாம்பு போல மெல்ல வளைந்திருக்கும். காரணம் மாடு. எட்டு மாடு பூட்டிய நீளமான ஏர் வரப்பின் முனையில் சட்டென்று திரும்ப முடியாது. சற்று முன்பிருந்தே ஓரமாக ஒதுங்கி ஒதுங்கித் திரும்ப வேண்டும். அந்த ஒதுக்கம் நூற்றாண்டுகளாகப் படிந்து நிலத்தின் வளைவாகிவிட்டது. ஏர் ஓட்டியவர் பெயரோ மாட்டின் நிறமோ யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த மாடுகள் எந்த இடத்தில் திரும்பத் தொடங்கின என்று காலை வைத்துக் காட்ட முடியும். தோட்டத்தின் கரை ஒன்று இந்த உழவு மேடுகள் மீது குறுக்கே ஏறிப் போனால், தோட்டம் பிந்தியது, அதற்கு முன் அது ஒருவர் பாடுபட்ட வயல் என்று பொருள்.

மறுபடி ஹோல்டன்பிக்கு வருவோம். ரால்ஃப் டிரெஸ்வெல் என்ற நில அளவையாளர் ஹேட்டனுக்காக இந்த ஊரை இரண்டு முறை வரைந்தார்: 1580இல் ஒன்று, 1587இல் ஒன்று. ஏழே ஆண்டு இடைவெளி. இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாள் எனக்கு மறக்காது.

தோட்டத்தை முதலில் பார்க்கலாம். நான் சொன்ன அந்த நீட்டிக் கட்டிய மேடை, வரைபடத்தில் வீட்டின் தென்புறம் நடுநாயகமாக இருக்கிறது. அதன் மேல் பாத்திகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய வடிவில் அமைந்திருக்கின்றன. கத்தரித்த குறுஞ்செடிகளை வரிசையாக நட்டு, வரிசை வரிசைக்கு மேலேயும் கீழேயும் போவதுபோல் தோன்றச் செய்யும் பின்னல் பாத்தி அக்காலத்து மோகம். நம் வீட்டுச் சிக்குக் கோலம் தெரிந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சிக்குக் கோலத்தைக் கிட்ட நின்று பார்த்தால் இழை தெரியும், அமைப்பு முழுதாய்த் தெரியாது. அதனால்தான் அந்தப் பாத்திகளை மாளிகையின் மேல்மாடிச் சன்னலுக்கு நேர் கீழே சமதளத்தில் வைத்தார்கள். அந்தச் சமதளம் இயற்கையில் இல்லை. சரிவில் மண் கொட்டிக் கொட்டி உண்டாக்கியது. அக்காலத்தில் மாவட்டம் மாவட்டமாகப் பயணம் செய்து எழுதிய ஜான் நார்டன் ஹோல்டன்பியை வருணிக்கும்போது, கரடுமுரடான நிலத்தை இனிய தோட்டமாக்கப் பட்ட பாட்டையும் செலவையும்தான் வியக்கிறார். மேடையின் பக்கவாட்டில் சரிவு படித்தளங்களாக இறங்குகிறது; தோட்டத்தில் ஒரு செய்குன்றும் உண்டு. செய்குன்று என்ற பழஞ்சொல் நம்மிடம் தயாராக இருந்தது எனக்கு மகிழ்ச்சி. ஏறி நின்று தோட்டத்தைப் பார்ப்பதற்கென்றே மண்ணால் எழுப்பிய சிறு குன்றுக்கு வேறு சொல் தேட வேண்டியிருக்கவில்லை.

இனி ஊர். 1580 வரைபடத்தில் கோயிலை ஒட்டி வீடுகள் இருக்கின்றன, தெரு இருக்கிறது, கொல்லைகள் இருக்கின்றன. 1587 வரைபடத்தில் கோயில் இருக்கிறது, பக்கத்தில் வீடுகள் பெரும்பாலும் இல்லை. மாளிகைக்கு வரும் வழியில் புதிதாக ஒரு பொதுத்திடல், அதைச் சுற்றி அளவெடுத்து வைத்தது போல் வீடுகள். விருந்தினர் வரும்போது பார்வைக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று ஊரையே தோட்டத்தின் ஒரு பகுதியாக மாற்றி வைத்திருக்கிறார்கள். கோயில் படித்தளங்களின் ஓரத்தில், ஊரில்லாத கோயிலாக நிற்கிறது. ஹேட்டன் வெளியூர்க்காரராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. பிறந்து தவழ்ந்த ஊர். அந்த வீடுகளில் இருந்தவர்கள் அவரைக் குழந்தையாகப் பார்த்தவர்கள்.

வரைபடம் வரைந்தவர் 1580இல் எழுதியதை 1587இல் எழுதாமல் விட்டார், அவ்வளவுதான். நிலத்தால் அப்படி விட முடியவில்லை. இன்றும் கோயிலுக்கு அருகே, நடந்து நடந்து தேய்ந்து ஓடை போலத் தாழ்ந்த பழைய தெருவின் தடமும், அதன் இருபுறமும் வீடுகள் இருந்த மேடைகளும் புல்லுக்கடியில் இருக்கின்றன. மாளிகையின் தோட்டம் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு அது அழித்த ஊரும் நிற்கிறது. சாய்வெயில் இரண்டையும் ஒன்றாகத்தான் எழுப்பிக் காட்டுகிறது. அந்தக் குளிர்கால மாலையில் நான் பார்த்த கோடுகளில் எது பிரபுவின் கரை, எது குடியானவன் தெரு என்று எனக்கு அப்போது பிரிக்கத் தெரியவில்லை.

இத்தகைய மேடுகளைத் தோட்டம் என்று அடையாளம் காண நெடுநாள் ஆயிற்று. அகழி கண்டால் கோட்டை, குன்று கண்டால் புதைமேடு, கரை கண்டால் படைவீரர் அரண் என்று பழைய வரைபடங்களில் குறித்துவைத்தார்கள். 1920இல் அரசு நில அளவைத் துறையின் முதல் தொல்லியல் அலுவலராகப் பொறுப்பேற்ற கிராஃபர்டு, வானிலிருந்து எடுத்த படங்களில் பழைய வயல்களும் மேடுகளும் எவ்வளவு துல்லியமாகத் தெரிகின்றன என்று காட்டினார். 1955இல் ஹாஸ்கின்ஸ் ஆங்கில நிலத்தோற்றம் உருவான கதையை ஒரு நூலாக எழுதி, வயல்வரப்பையும் வரலாற்று ஆவணமாக ஆக்கினார். ஆனால் தோட்டங்களை அவற்றுக்குரிய பெயரால் அழைக்கக் கற்றுக்கொடுத்தவர் கிறிஸ்டஃபர் டெய்லர். வரலாற்றுச் சின்னங்களுக்கான அரசுக் குழுவில் பணியாற்றியவர். நார்த்தாம்ப்டன்ஷயரை ஊர் ஊராக, வயல் வயலாக நடந்து அளந்த அந்தக் குழுவின் தொகுதிகள் வெளிவந்த பிறகுதான், இங்கிலாந்தில் இத்தனை மறைந்த தோட்டங்கள் கிடக்கின்றன என்றே தெரிந்தது. அதே மாவட்டத்தில் ஹாரிங்டன் என்ற ஊரில் ஒரு மேய்ச்சல் நிலத்துக்கு 'வீழ்ச்சிகள்' என்று பொருள்படும் பெயர். அருவி எதுவும் இல்லை. ஒரு பிரபுவின் வீட்டுத் தோட்டம் படிப்படியாக இறங்கிய படித்தளங்களுக்கு அக்காலத்தில் அந்தப் பெயர். வீடு போயிற்று, செடி போயிற்று. ஆடு மேய்ப்பவர் வாயில் தோட்டக்காரரின் கலைச்சொல் தங்கிவிட்டது.

குளோஸ்டர்ஷயரில் சிப்பிங் கேம்ப்டன் என்ற ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டு வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்து, மன்னருக்கே கடன் கொடுத்த பாப்டிஸ்ட் ஹிக்ஸ் 1613 அளவில் அங்கே ஒரு மாளிகை கட்டினார். உள்நாட்டுப் போரில் 1645 மே மாதம் மன்னர் தரப்புப் படை ஊரை விட்டுப் போகும்போது, எதிரிக்குப் பயன்படக் கூடாது என்று அதைக் கொளுத்திவிட்டுப் போனது. தோட்டத்து விருந்து மண்டபங்கள் இரண்டு தப்பின. மாளிகையின் முகப்பில் ஒரு துண்டுச் சுவர் நிற்கிறது. பொன்னிறமான சுண்ணாம்புக்கல் நெருப்பில் வெந்து இளஞ்சிவப்பாக மாறியிருப்பதை இன்றும் பார்க்கலாம். சுற்றிலும் படித்தளங்களும் நீர்த்தோட்டத்தின் வாய்க்கால் தடங்களும் புல்மூடிக் கிடக்கின்றன. நெருப்புக்குக்கூட மண் அகப்படவில்லை.

நான் மிகவும் நேசிக்கும் இடம் இதுவரை சொன்ன எதுவும் அன்று. நார்த்தாம்ப்டன்ஷயரின் வடகிழக்கில், அவுண்டல் என்ற சிறு நகரத்துக்கு அருகே, லிவ்டன். அதை அமைத்தவர் சர் தாமஸ் டிரஷம். எலிசபெத் காலத்தில் நாடே புராட்டஸ்டண்ட் ஆனபோது கத்தோலிக்கராக நின்றவர். அரசுக் கோயில் வழிபாட்டுக்கு வர மறுப்பவருக்கு மாதம் 20 பவுண்டு தண்டம் என்று 1581இல் சட்டம் வந்தது. டிரஷம் மொத்தம் ஏறக்குறைய 8,000 பவுண்டு கட்டினார். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் சிறையிலும் வீட்டுக்காவலிலும் கழித்தார். அந்தச் சிறைகளிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில் ஒன்று தோட்டத்தைப் பற்றியது. எங்கே கரை எழ வேண்டும், எங்கே எந்தச் செடி வேண்டும் என்று வேலையாட்களுக்குச் சொல்கிறார். வட்டப் பாத்திகளில் ரோஜாவும் ராஸ்ப்பெரியும் நடச் சொல்கிறார். தன் கால் மிதிக்க முடியாத நிலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு அடி அடியாக நடந்து பார்த்த ஒரு மனிதரை நான் அந்தக் குறிப்புகளில் காண்கிறேன். இந்தத் தாள்களும் தப்பிய விதம் வியப்பானது: 1605இல் டிரஷம் குடும்பத்தின் வீடான ரஷ்டன் மாளிகையின் சுவருக்குள் வைத்துப் பூசப்பட்டு, 1828இல் சுவரை இடித்தபோது வெளிவந்தன.

தோட்டம் கீழே உள்ள பழைய வீட்டிலிருந்து தொடங்கி, பழத்தோப்பு வழியாகச் சரிவில் ஏறி, ஒரு நீண்ட படித்தளத்தைத் தாண்டி, அகழி சூழ்ந்த சதுரத் தோட்டத்தை அடைந்து, மேலே தனியே நிற்கும் தோட்ட மாளிகையில் முடியும். சதுரத்தின் மூலைகளில் செய்குன்றுகள்: இரண்டு பட்டைக்கூம்பு வடிவம், இரண்டு நத்தை ஓடு போலச் சுற்றிச் சுற்றி ஏறும் வடிவம். மேலே உள்ள மாளிகை சிலுவை வடிவில் அமைந்தது. அதன் சுவரைச் சுற்றி இயேசுவின் பாடுகளைக் குறிக்கும் சின்னங்களை, முப்பது வெள்ளிக்காசுப் பை உட்பட, கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். தண்டம் கட்டிக்கொண்டே, சிறைக்குப் போய்க்கொண்டே, சொல்லக் கூடாத நம்பிக்கையை ஒருவர் கல்லாலும் மண்ணாலும் சொன்ன இடம் அது.

இதோடு நிறுத்தினால் டிரஷமைத் தியாகியாக்கி அனுப்பிவிடுவோம். அவரும் அவருடைய உறவினரும் பொதுநிலத்தைச் சுற்றி வேலி அடைத்து, உழவரை வெளியேற்றி, ஆடு வளர்த்துப் பணம் சேர்த்தவர்கள். அவர் இறந்து இரண்டு ஆண்டுக்குள், 1607இல், அந்த வட்டாரமே கிளர்ந்தது. கிளர்ச்சியாளர்கள் மண்வெட்டியோடு வந்து வேலிகளைப் பிடுங்கி, வேலியோரத்துப் பள்ளங்களை நிரப்பி, கரைகளைச் சரித்தார்கள். தங்களை 'சமப்படுத்துவோர்' என்றே சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் பிரபுக்களின் மண்வேலைக்கு மண்வேலையாலேயே பதில் சொன்னார்கள். ஜூன் 8 அன்று டிரஷம் குடும்பத்தின் மற்றொரு கிளைக்குரிய நியூட்டனில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள்.

ஊரை விரட்டிய அதே ஆடுகள்தான் பிறகு இந்த மேடுகளைக் காத்தன. இதை எப்படி ஏற்பது என்று இன்றும் எனக்குள் தீராத வழக்கு இருக்கிறது. ஆடு மேய்ந்த இடத்தில் புல் வேர்விட்டு மண்ணை இறுக்கிப் பிடித்தது, ஏர் போகவில்லை. இரண்டாம் உலகப் போரில் உணவுப் பற்றாக்குறைக்கு அஞ்சிப் புல்வெளிகளை உழுமாறு அரசே சொன்னது. பின்வந்த ஆண்டுகளில் டிராக்டர் மிச்சத்தையும் தேடி வந்தது. ஐந்நூறு ஆண்டு நின்ற கரையைச் சமமாக்க ஒரு பிற்பகல் போதும். டெய்லர் குழுவினர் அளந்த பல இடங்களில் இன்று மிஞ்சியிருப்பது அவர்கள் இழுத்த தலைப்பிரட்டைக் கோடுகள் மட்டுமே.

இப்போது விமானத்திலிருந்து லேசர் ஒளி வீசி நில உயரத்தை அளக்கும் லைடார் முறை வந்திருக்கிறது. முழங்கால் உயரமில்லாத மேட்டையும் அது பிடித்துவிடுகிறது. ஆனால் லிவ்டனின் மறைந்த வடிவத்தைக் காட்டியது அதைவிடப் பழைய கருவி. 1944இல் ஜெர்மன் போர்விமானம் ஒன்று அந்த வானில் பறந்து, உளவுக்காகக் கீழே படமெடுத்துக்கொண்டு போனது. போர் முடிந்தபின் கைப்பற்றப்பட்ட அந்தப் படங்கள் அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2010இல் அதில் லிவ்டன் படம் கண்டெடுக்கப்பட்டது. அகழி சூழ்ந்த சதுரத்தின் நடுவில் ஒன்றுக்குள் ஒன்றாகப் பத்து வட்டங்கள். குறுக்களவு ஏறக்குறைய 120 மீட்டர். தரையில் நின்றவர் யாரும் கண்டிராத வட்டங்கள். ரோஜாவும் ராஸ்ப்பெரியும் நடச் சொன்ன வட்டப் பாத்திகள் அங்கே இருந்திருக்கின்றன. குண்டு போட இடம் தேடி வந்தவரின் கண்ணாடியில், முந்நூற்று நாற்பது ஆண்டுக்கு முன் சிறையில் இருந்தவரின் கடிதம் படமாக விழுந்திருந்தது. இப்போது லிவ்டனைப் பராமரிக்கும் தேசிய அறக்கட்டளை, அதே வட்டங்களைப் புல்லை உயரம் மாற்றி வெட்டித் தரையில் காட்டுகிறது.

டிரஷம் 1605 செப்டம்பரில் இறந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் மூத்த மகன், மன்னரையும் நாடாளுமன்றத்தையும் வெடிவைத்துத் தகர்க்கத் திட்டமிட்ட வெடிமருந்துச் சதியில் சிக்கி லண்டன் கோபுரச் சிறையில் உயிர்விட்டார். 1609இல் அரசின் முதன்மை அமைச்சர் ராபர்ட் செசில், ஹாட்ஃபீல்டில் தாம் அமைத்துக்கொண்டிருந்த தோட்டத்துக்காக, லிவ்டன் தோப்பின் மரங்களைக் கேட்டு டிரஷமின் மனைவிக்கு எழுதினார். நாட்டின் மிக அழகிய தோப்புகளில் ஒன்று என்ற புகழ் அதற்கு அப்போதே இருந்தது. மரங்களும் போயின. மேலே உள்ள மாளிகை அன்று எந்த அளவில் நின்றதோ அந்த அளவிலேயே, கூரையும் தளமும் இல்லாமல், சன்னல் வழியே வானம் தெரிய நிற்கிறது.

அங்கே போகிற ஒவ்வொரு முறையும் நான் கடைசியாகப் பார்த்துவிட்டு வருவது மாளிகையை அன்று. சதுரத் தோட்டத்தைச் சுற்றி அகழி மூன்று பக்கம் வருகிறது. நீர் நிற்கிறது, மீன் இருக்கிறது, வாத்து நீந்துகிறது. நான்காவது பக்கம் முடிக்கப்படவில்லை. சம்பளம் கொடுக்க ஆளில்லாமல் வேலை நின்ற நாளில் மண்வெட்டிகள் கரையேறிவிட்டன. நீர் முடியும் அந்த முனையில் நின்று பார்த்தால், மேலே வெறும் புல்தரை போகிறது.